ஓர் ஏக்கரை விற்றுக் கடனை அடைத்தால் மகன் திருந்துவானா?

கேள்வி: "எங்களுக்கு மூன்றரை ஏக்கர், கிணற்றுப் பாசனம். கரும்பும் மணிலாவும் வைக்கிறோம். மகனுக்கு 29 வயது. டிப்ளமோ முடித்துக் கம்பெனி வேலைக்குப் போனவன், நான்கு வருடத்துக்கு முன்னால் வேலை போய் வீட்டுக்கு வந்துவிட்டான். இப்போது காலையிலேயே குடிக்கிறான். மோட்டார் கேபிளையும் இரண்டு ஆடுகளையும் விற்றுவிட்டான். வெளியில் 3,80,000 ரூபாய் கடன். ஓர் ஏக்கரை விற்று அடைத்துவிடுங்கள், அப்புறம் தொடமாட்டேன் என்கிறான். முடியாது என்றால் பூச்சிமருந்தைக் குடித்துவிடுவேன் என்கிறான். அவன் அப்பா அவனோடு பேசி எட்டு மாதம் ஆகிறது. நான்தான் அவருக்குத் தெரியாமல் 100, 200 கொடுத்துச் சமாளிக்கிறேன். கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நாங்கள் எங்கே தப்பு செய்தோம்? நிலத்தை விற்கலாமா?"

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விழுப்புரம் மாவட்டம்.

பதில்: விற்க வேண்டாம். கடனை அடைப்பதால் குடி நிற்காது. கடன் வந்தது குடியால். குடி அப்படியே இருக்கும்போது கடனை மட்டும் தீர்த்தால், கடன் கொடுத்தவர்களுக்கு நம்பிக்கைதான் கூடும். 'இவன் வாங்கினால் அப்பன் நிலத்தை விற்றாவது கொடுத்துவிடுவார்' என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த கடன் இன்னும் சுலபமாகக் கிடைக்கும். முதல் ஏக்கர் போன பிறகு இரண்டாவது ஏக்கரைக் கேட்கும் நாள் வரும். இப்படிப் படிப்படியாக நிலம் கரைந்த குடும்பங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

விற்காமல் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. இந்தத் தாய் கேட்டிருப்பது நிலத்தைப் பற்றி. ஆனால் கடிதத்துக்குள் அதைவிட அவசரமான விஷயங்கள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தப்பு யாருடையது?

இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவர்கள் எல்லோரும் ராத்திரியில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. செல்லம் கொடுத்தோமா, அடித்து வளர்த்தோமா, விவசாயம் வேண்டாம் என்று படிக்க அனுப்பியது தப்பா, படித்தவனைத் திரும்ப ஊருக்கு வரவிட்டது தப்பா என்று ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்ப்பார்கள். ஒரே வீட்டில், ஒரே சோற்றைத் தின்று வளர்ந்த மகள் நன்றாகக் குடும்பம் நடத்துவாள். மகன் இப்படி ஆகியிருப்பான். வளர்ப்பு மட்டுமே காரணம் என்றால் இது எப்படி நடக்கும்?

காலையில் எழுந்ததும் குடிக்க வேண்டியிருக்கும் நிலைக்கு மருத்துவத்தில் பெயர் 'மதுச் சார்பு நோய்'. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது. உடம்பு மதுவுக்குப் பழகி, அது இல்லாவிட்டால் கை நடுங்கி, வியர்த்து, தூக்கம் கெட்டுத் தவிக்கும் நிலை அது. பரம்பரை, வேலை போன அவமானம், மனச்சோர்வு, கூட்டாளிகள், கைக்கெட்டும் தூரத்தில் கடை என்று பல காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தே இது வருகிறது. பெற்றோர் அதை உண்டாக்கவில்லை. அழுதோ, திட்டியோ, சத்தியம் வாங்கியோ அதை அவர்களால் நிறுத்தவும் முடியாது.

'மாலை போட்டபோது 48 நாள் தொடாமல்தானே இருந்தான்! மனசு வைத்தால் விடலாமே?' என்று பல வீடுகளில் கேட்பார்கள். அப்படி இருக்க முடிந்தது நல்ல அறிகுறிதான். ஆனால் கொஞ்ச நாள் விடுவது வேறு, விட்டபடியே இருப்பது வேறு. இரண்டாவதற்குத்தான் சிகிச்சை தேவைப்படுகிறது.

அந்த 200 ரூபாய்

இந்த வீட்டில் தகப்பன் ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம். அவர் பேச்சையே நிறுத்திவிட்டார். அவர் இறுக்குவதைப் பார்த்து மனம் கேட்காமல் அந்த அம்மா ரகசியமாகப் பணம் கொடுக்கிறார். அவர் இளகுவதைப் பார்த்து, இவர் இன்னும் இறுக்குகிறார். இரண்டு பேருமே மகன் மேல் உள்ள பாசத்தால்தான் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் மகனுக்கு இது வசதியாகப் போய்விடுகிறது. அப்பாவைத் திட்டிக்கொண்டு அம்மாவிடம் வாங்கிக் குடிக்கலாம்.

ஆகவே மகனைத் திருத்துவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை, கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுவது. மகன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, கழனியிலோ கிணற்று மேட்டிலோ உட்கார்ந்து, அந்தத் தாய் இதுவரை கொடுத்ததை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் கோபப்படலாம். கோபம் ஆறிய பிறகு இருவரும் சேர்ந்து இரண்டு பட்டியல் போட்டுக்கொள்ளலாம்.

செய்ய மாட்டோம் என்பது ஒரு பட்டியல்: கையில் ரொக்கம் தருவதில்லை, அவன் கடனைக் கட்டுவதில்லை, ஜாமீன் கையெழுத்து, வெற்றுப் புரோநோட்டுக் கையெழுத்து எதுவும் போடுவதில்லை, குடித்துவிட்டு வரும்போது வாக்குவாதம் செய்வதில்லை, வேலைக்குப் போகாத நாளில் 'காய்ச்சல்' என்று அவனுக்காகப் பொய் சொல்வதில்லை.

செய்வோம் என்பது இன்னொரு பட்டியல்: மூன்று வேளைச் சோறு உண்டு, படுக்க இடம் உண்டு, ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றால் அன்றைக்கே பஸ் செலவு, மருந்துச் செலவு, கூட வர ஆள் எல்லாம் உண்டு.

குடிக்கு உதவும் கையை எடுத்துவிட்டு, அதே கையைச் சிகிச்சைக்கு நீட்ட வேண்டும். பெற்றோரால் ஆகக்கூடியது இதுதான். பணத்தை நிறுத்துவது பாசத்தை நிறுத்துவது ஆகாது. அதை மகனுக்குப் புரியவைக்க அப்பா மறுபடி பேசத் தொடங்க வேண்டும். பெரிய பேச்சு எதுவும் தேவையில்லை. 'சாப்பிட்டியா', 'நாளைக்குத் தண்ணி கட்டணும், வர்றியா' என்றால் போதும்.

முடிவைச் சொல்வதற்கு நேரம் முக்கியம். போதையில் இருப்பவனிடம் சொல்வது வீண். காலையில், தெளிவாக இருக்கும் நேரத்தில், இருவரும் சேர்ந்திருந்து சுருக்கமாகச் சொல்ல வேண்டும்: "தம்பி, உன் கடனை இனி நாங்க கட்ட மாட்டோம். பணமும் தர மாட்டோம். ஆஸ்பத்திரிக்கு வர்றேன்னு சொல்லு, நாளைக்கே அப்பாவும் நானும் கூட வர்றோம்." பழைய கதை, ஒப்பீடு, சாபம் எதுவும் கூடாது. அவன் கத்தினால் பதிலுக்குக் கத்தாமல் எழுந்து போய்விடலாம். மறுநாளும் அதே வார்த்தைதான். முதல் சில வாரங்கள் வீட்டில் சத்தம் அதிகமாகத்தான் இருக்கும். நடுவில் ஒருநாள் பொறுக்காமல் 200 ரூபாய் கொடுத்துவிட்டால், கத்தினால் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொள்வான்.

எச்சரிக்கை ஒன்று. காலையில் மது கிடைக்காவிட்டால் கை நடுங்கும் நிலையில் இருப்பவன், ஒரேயடியாக நிறுத்தினால் உடம்புக்கு ஆபத்து வரலாம். பணத்தை நிறுத்தும் முடிவைச் சொல்லும்போதே ஆஸ்பத்திரி ஏற்பாடும் தயாராக இருக்க வேண்டும். அதைக் கீழே பார்க்கலாம்.

'மருந்தைக் குடித்துவிடுவேன்'

இந்தக் கடிதத்தில் மிக அவசரமானது இதுதான். 'சும்மா மிரட்டுகிறான்' என்று விடக்கூடாது. 'சொல்கிறவன் செய்ய மாட்டான்' என்ற பேச்சு தவறு. குடிப்பழக்கமும் கடனும் சேர்ந்த இளைஞன் சொல்லும்போது அதை நிஜம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நிஜம் என்று எடுத்துக்கொள்வதற்குப் பொருள், கேட்ட பணத்தைக் கொடுப்பதோ நிலத்தை விற்பதோ அல்ல. உயிரைக் காப்பாற்ற வேண்டியதைச் செய்வது.

முதல் காரியம், இன்றைக்கே வீட்டிலும் மோட்டார் கொட்டகையிலும் இருக்கும் பூச்சிமருந்து, களைக்கொல்லி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துவது. பாதி காலியான டப்பாக்களையும் சேர்த்து. அடுத்த தெளிப்பு வரை மருந்தே வீட்டில் இருக்கக்கூடாது. தேவைப்படும் அன்று, தேவையான அளவு மட்டும் வாங்கி, அன்றைக்கே தெளித்து முடித்துவிடலாம். மீதி இருந்தால் வேறு இடத்தில், பூட்டும் சாவியுமாக, நம்பிக்கையான ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். இது சின்னக் காரியமாகத் தெரியலாம். ஆனால் ஆத்திரமும் போதையும் ஏறியிருக்கும் அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்புகின்றன. அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில், விவசாயிகளின் பூச்சிமருந்தை ஊர்ப் பொது இடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கும் முயற்சியை சென்னை ஸ்நேகா அமைப்பைச் சேர்ந்தவர்கள் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று விவசாயியிடம், இன்னொன்று பொறுப்பாளரிடம். ஊரில் நான்கு பேர் சேர்ந்தால் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, அவன் தெளிவாக இருக்கும்போது நேராகக் கேட்பது: "செத்துப்போயிடலாம்னு நிஜமாவே தோணுதா?" கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பலருக்கு, கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே ஆறுதல். 'ஆமாம்' என்றால் அவனைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். எதையாவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே 108-ஐ அழைக்க வேண்டும். உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் என்று எதையும் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. மருந்து டப்பாவைக் கையோடு எடுத்துப் போனால் டாக்டருக்கு உதவும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகக் கொண்டுபோகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அந்தப் பயம் வேண்டாம்.

சிகிச்சை எங்கே?

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. குடிக்கான சிகிச்சை அங்கே இலவசம். 'மனநலம்' என்ற பலகையைப் பார்த்துத் தயங்க வேண்டாம். மகன் வர மறுத்தால், முதல் தடவை பெற்றோர் மட்டும் போய் டாக்டரைப் பார்க்கலாம். எவ்வளவு குடிக்கிறான், எப்போது ஆரம்பிக்கிறான், வலிப்பு வந்ததுண்டா, கருப்பாக வாந்தி எடுத்தானா, மஞ்சள் காமாலை வந்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால், முதல் ஒன்றிரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாட்களில் மனம் குழம்பி, இல்லாததைப் பார்ப்பது, இல்லாத குரலைக் கேட்பது, ஆள் தெரியாமல் பேசுவது போன்றவை வரலாம். ஊரில் இதைப் 'பேய் பிடித்துவிட்டது' என்று சொல்லிக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இது உயிருக்கே ஆபத்தான நிலை. உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும். அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்தும் முயற்சி கூடாது என்பதும் இதனால்தான். மருத்துவமனையில் சேர்த்தால் நடுக்கம் அடங்க மாத்திரை, வைட்டமின் பி-1 ஊசி என்று கொடுத்துச் சில நாட்களில் உடம்பை நிலைக்குக் கொண்டுவருவார்கள்.

அது முதல் படி மட்டுமே. பிறகு ஆலோசனை, தொடர்ந்து மாத்திரை, மாதாமாதம் டாக்டரைப் பார்ப்பது என்று நீண்ட வேலை இருக்கிறது. நடுவில் ஒருநாள் மறுபடி குடித்துவிடலாம். சர்க்கரை நோயாளிக்கு ஒருநாள் அளவு ஏறிவிட்டால் வைத்தியத்தை விட்டுவிடுகிறோமா? அதுபோலத்தான் இதுவும். 'எல்லாம் வீண்' என்று கைவிடாமல் மறுவாரமே டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.

தனியார் போதை மீட்பு மையத்தில் சேர்ப்பதானால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, மனநல மருத்துவர் வருகிறாரா, வீட்டார் போய்ப் பார்க்க அனுமதி உண்டா என்று மூன்றையும் விசாரிக்க வேண்டும். ஆள் அனுப்பிக் கட்டித் தூக்கிப் போகிறோம், மூன்று மாதம் வந்து பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்துக்கு அனுப்பக்கூடாது.

நிலமும் பத்திரமும்

நிலம் தகப்பன் சொந்தமாகச் சம்பாதித்ததா, பூர்வீகமா என்று முதலில் பார்க்க வேண்டும். சுயசம்பாத்தியம் என்றால் அவர் இருக்கும்வரை மகனுக்கு அதில் உரிமை கிடையாது. பூர்வீகம் என்றால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு உண்டு. வயது வந்த மகன் தன் பெயரில் வாங்கிய கைக்கடனுக்கு, கையெழுத்துப் போடாத தகப்பன் பொறுப்பாளி அல்ல. ஆனால் பூர்வீகச் சொத்தில் மகனுடைய பங்கின் மேல் கடன்காரர் வழக்குப் போட வாய்ப்பு உண்டு என்பதால், வக்கீலைக் கலந்துகொள்வது நல்லது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. இந்தத் தாயே நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய்க் கேட்கலாம்.

'பொறுப்பு வரட்டும்' என்று மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக்கொடுப்பது இந்த நேரத்தில் கூடவே கூடாது. பதிவு செய்த செட்டில்மெண்டை நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. உயில் என்றால் எழுதியவர் இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்ட 60 வயதைத் தாண்டிய பெற்றோருக்கு, 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் ஒரு வழி தருகிறது. கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, பிள்ளை பராமரிக்காவிட்டால், கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். ஆகவே எந்தக் காலத்தில் எழுதிக்கொடுத்தாலும் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது பாதுகாப்பு.

மூலப் பத்திரம், நகை இரண்டும் வீட்டு பீரோவில் இருக்க வேண்டாம். வங்கி லாக்கரிலோ மகள் வீட்டிலோ இருக்கட்டும். ஆலையிலிருந்து கரும்புப் பணம் வரும் கணக்கின் ஏ.டி.எம். கார்டு ரகசிய எண்ணையும், போனில் பணம் அனுப்பும் எண்ணையும் மாற்றிவிட வேண்டும். போன், ஆதார் இரண்டையும் பிள்ளையிடம் கொடுத்து வைத்திருக்கும் பெற்றோர் பலர். அவர்கள் பெயரிலேயே செயலிக் கடன் ஏறிவிடுகிறது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மகளையோ தெரிந்த பிள்ளையையோ விட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

கடன்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றால், "வாங்கினவனைக் கேளுங்க, எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை" என்று ஒரே வார்த்தைதான். மீட்டர் வட்டி, கந்துவட்டிக்காரர் மிரட்டினால் 2003-ம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டப்படி போலீஸில் புகார் கொடுக்கலாம்.

கல்யாணம்?

வேண்டாம். கல்யாணம் குடிக்கு மருந்தாகாது. மகனால் சுமக்க முடியாததை இன்னொரு வீட்டுப் பெண் தலையில் ஏற்றிவைப்பதாகத்தான் முடியும். மறைத்துக் கல்யாணம் செய்தால், ஒரு வருடத்தில் ஒரு கைக்குழந்தையும் சேர்ந்து அந்த வீட்டில் நிற்கும். குடியை விட்டு ஓராண்டாவது தாண்டட்டும், ஒரு வேலையில் நிலைக்கட்டும். அதன்பிறகு பெண் வீட்டாரிடம் உள்ளதைச் சொல்லிச் செய்யலாம்.

பெற்றோரின் உடம்பும் மனசும்

மகன் பைக் சத்தம் கேட்கும்வரை தூங்காமல் இருப்பது, நெஞ்சு படபடப்பது, பிரஷர் மாத்திரையை மறப்பது, கல்யாணம் காதுகுத்துக்குப் போனால் 'பையன் என்ன பண்றான்' என்று கேட்பார்களே என்று போகாமலே இருந்துவிடுவது - இதெல்லாம் இப்படிப்பட்ட வீடுகளில் நடப்பதுதான். வருடக்கணக்கில் இப்படி இருந்தால் பெற்றோரும் நோயாளி ஆகிவிடுவார்கள்.

ஊர் முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒருவருக்காவது முழுசாகச் சொல்ல வேண்டும். மகளாகவோ, கூடப்பிறந்தவராகவோ, பக்கத்துக் கொல்லைக்காரராகவோ இருக்கலாம். ரகசியம் காக்கும்வரை குடிக்குத்தான் பாதுகாப்பு. குடிப்பவர்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்களைப் போல, அவர்கள் குடும்பத்தாருக்கு 'அல்-அனான்' என்ற கூட்டங்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நடக்கின்றன. கட்டணம் கிடையாது, பெயர் வெளியே போகாது. நம்மைப் போலவே இன்னும் பத்துத் தாய்மார் இருக்கிறார்கள் என்று தெரிவதே பாதிப் பாரத்தை இறக்கிவிடும்.

மணிலாவுக்குக் களை எடுக்க வேண்டிய நாளில் களை எடுக்க வேண்டும். கரும்புக்குத் தண்ணீர் விட வேண்டிய நாளில் விட வேண்டும். மகன் கவலையில் வெள்ளாமையைப் போட்டுவிட்டால், நாளைக்கு அவன் சிகிச்சைக்குச் சம்மதித்து வரும்போது கையில் பணம் இருக்காது. வேளைக்குச் சாப்பிடுவதும், தூங்குவதும், கோயிலுக்குப் போய்வருவதும் பிள்ளையை மறந்த குற்றம் ஆகாது.

மகன் கை ஓங்கினால் அதை மட்டும் பொறுக்கக்கூடாது. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிக்கு மட்டுமல்ல, மகனால் அடிபடும் தாய்க்கும் பாதுகாப்புத் தருகிறது. அந்த நேரத்தில் வீட்டை விட்டு வெளியேறி, 181 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும். பெற்ற பிள்ளை மேலே புகாரா என்று தோன்றும். அடிக்கலாம் என்று அவனைப் பழகவிடுவது அவனுக்கும் நல்லதில்லை.

இவ்வளவும் செய்தால் மகன் திருந்திவிடுவானா? உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. பலர் மீண்டிருக்கிறார்கள், இரண்டாவது, மூன்றாவது முயற்சியில் மீண்டவர்களும் உண்டு. சிலர் மீளவில்லை. விடுவது மகன் கையில் இருக்கிறது. அவன் விட நினைக்கும் அந்தக் காலையில் போக ஒரு வீடும், கூட வர இரண்டு பேரும், பயிர் நிற்கும் மூன்றரை ஏக்கரும் இருப்பது பெற்றோர் கையில் இருக்கிறது.

இதையொட்டி வந்த இன்னும் இரண்டு கேள்விகள்

"குடியை மறக்கடிக்கும் பொடி என்று விற்கிறார்கள். அவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா?"

- கூடாது. இப்படி விற்கும் பொடிகளில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. மருத்துவர்கள் தரும் 'டைசல்ஃபிராம்' மாத்திரையையும் தெரியாமல் கலந்து கொடுக்கக் கூடாது. அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். சாப்பிடுகிறவர் விஷயம் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் மட்டுமே சாப்பிட வேண்டும்.

"மகன் குடிப்பதில்லை. ஆனால் ஒரு வருடமாக அறையை விட்டு வெளியே வருவதில்லை, தனக்குத்தானே பேசுகிறான். செய்வினை என்கிறார்கள்."

- இது மனநோயின் அறிகுறியாக இருக்கலாம். இதற்கும் அதே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுதான். எவ்வளவு சீக்கிரம் மருந்து ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. கோயிலுக்குப் போவதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் சங்கிலியால் கட்டிவைப்பது குற்றம். 2001-ல் ஏர்வாடியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நாடு மறக்கவில்லை. மருந்தும் கோயிலும் ஒன்றாகவே நடக்கலாம். மருந்தை மட்டும் நிறுத்தக்கூடாது.

குறித்து வைத்துக்கொள்ள

மனநல ஆலோசனை (டெலி மானஸ், 24 மணி நேரமும், தமிழில்): 14416
தமிழ்நாடு அரசு மருத்துவ ஆலோசனை: 104
போதைப் பழக்க மீட்பு உதவி: 14446
தற்கொலைத் தடுப்பு, ஸ்நேகா, சென்னை: 044-24640050
ஆம்புலன்ஸ்: 108
பெண்கள் உதவி: 181
இலவச சட்ட உதவி: 15100